ஸ்ட்ராவாவா, கொமூட்டா? விடிகாலையில் ஓடுகிறவனின் அலசல்

போன வருடம் வடவள்ளிக்குக் குடிவந்ததும் முதல் வேலையாக ஓடுவதற்கு ஒரு வழி தேடினேன். அதுவரை கோவை ரேஸ்கோர்ஸ்தான். 2.5 கிலோமீட்டர் சுற்று, மரநிழல், ஐந்து மணிக்கே ஆள் நடமாட்டம். அங்கே எந்தச் செயலியும் வழி காட்ட வேண்டியதில்லை. இங்கே ஒரு பக்கம் மருதமலை, இன்னொரு பக்கம் தொண்டாமுத்தூர் தோப்புகள், நடுவே எங்கே போகிறதென்று தெரியாத இட்டேரிகள், அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் மண் தடங்கள். ஓட்டத்தைப் பதிவு செய்து வழியும் காட்டும் ஸ்ட்ராவா, கொமூட் என்ற இரண்டு செயலிகளையும் நாலு மாதம் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, ஸ்ட்ராவாவுக்குச் சந்தா கட்டினேன்.

ஓட்டத்தைப் பதிவு செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை. தூரம், வேகம், ஏற்றம் எல்லாம் இரண்டிலும் வரும்.

வழி போட்டுப் பார்ப்பதில் ஜெர்மனியில் உருவான கொமூட் கெட்டிக்காரத்தனமானது. பொதுமக்களே வரைந்து சேர்க்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து, இத்தனை கிலோமீட்டர் தார், இத்தனை மண் பாதை என்று பிரித்துக் காட்டும். மற்றவர்கள் போட்ட படமும் குறிப்பும் அங்கங்கே கிடைக்கும். கோத்தகிரியில் இரண்டு முறை அதை நம்பி ஓடினேன், இரண்டு முறையும் நன்றாகவே இருந்தது. இரண்டு ஓட்டத்தை வைத்து மலைக்கு அதுதான் சிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறு விஷயம். பாதை இருப்பது வேறு, அந்த நேரத்தில் அதில் கால் பதிவது வேறு. இந்த இரண்டு செயலிகளுக்கும் முன்னால், வேறொரு வரைபடத்தில் கோடு தெரிகிறதே என்று ஒரு இட்டேரிக்குள் இறங்கினேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி. நானூறு மீட்டர் போனதும் கம்பி கேட், பெரிய பூட்டு. திரும்பினால் பின்னால் மூன்று நாய்கள். ஓடினால் துரத்தும் என்று வேலியை ஒட்டி, கையைக்கூட வீசாமல், ஒவ்வோர் அடியாக நடந்தே வெளியே வந்தேன். வரைபடம் பொய் சொல்லவில்லை, பாதை இருந்தது. ஆனால் ஓடுகிறவர் யாரும் அதில் போவதில்லை.

இதைத்தான் ஸ்ட்ராவாவின் ஹீட்மேப் சொல்கிறது. உறுப்பினர்கள் பொதுவில் பகிர்ந்த ஓட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அதிகம் பேர் போன தடம் பளிச்சென்று எரியும். சைக்கிள்காரர்களை நீக்கிவிட்டு ஓட்டத்தை மட்டும் பார்க்கலாம். சந்தாதாரர்களுக்கு சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை உள்ள தடங்களை மட்டும் காட்டும் இரவு ஹீட்மேப்பும் உண்டு. ஐந்து மணிக்குக் கிளம்புகிற எனக்கு அது ஒன்றே போதும். பகலில் பளிச்சென்று தெரிந்த அடிவாரப் பாதை ஒன்று இரவுப் படத்தில் அணைந்தே கிடந்தது. பிறகுதான் விசாரித்தேன். தோட்டத்தில் மேய இறங்கும் யானைகள் விடியும் முன் காட்டுக்குத் திரும்புகிற வழியாம் அது.

இருட்டாகத் தெரிகிற பாதையெல்லாம் ஆளில்லாத பாதை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பால் கறக்கத் தோட்டத்துக்குப் போகிறவர் கையில் ஜிபிஎஸ் வாட்ச் இருக்காது, அவர் நடை எந்த ஹீட்மேப்பிலும் ஏறாது. கிராமப் பக்கம் போகப் போக இந்தக் குறை கூடும்.

இன்னொன்று, உங்கள் தடமும் அடுத்தவர் கண்ணில் படும். 2018 ஜனவரியில் இதே ஹீட்மேப்பில் ராணுவ முகாம்களின் நடமாட்டம் தெரிந்துபோய்ப் பெரிய சர்ச்சை ஆனது. கணக்குத் தொடங்கிய அன்றே அமைப்புகளில் வீட்டைச் சுற்றியுள்ள தடத்தை மறைத்துவிடுங்கள், 1,600 மீட்டர்வரை மறைக்கலாம். தனியாக ஓடும் பெண்கள் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

கூட்டம் இருக்கிற இடத்தில்தான் சேதியும் வருகிறது. போன மாதம் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் ஓட்டம் ஸ்ட்ராவாவில் வந்து விழுந்தது. 1.8 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்பிய கோடு. தலைப்பில் 'ஆனை நிக்குது, திரும்பிட்டேன்' என்று போட்டிருந்தார். அன்றைக்கு ரேஸ்கோர்ஸுக்கு வண்டியை எடுத்தேன்.