நெஞ்சு பெல்ட்டும் போர் தண்ணீரும்: இரண்டு வருட அனுபவம்

நான் நெஞ்சில் பெல்ட்டாகக் கட்டி ஓடும் ஹார்ட் ரேட் (இதயத் துடிப்பு) சென்சார் தள்ளுபடியில் வந்திருக்கிறது போலும். "மச்சான், வாங்கலாமா?" என்று இந்த வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை.

துல்லியத்தில் குறை சொல்ல மாட்டேன். முன்பு வாட்ச் மட்டும்தான். காசிமேட்டில் இருந்து கடலோரமாகத் திருவொற்றியூர் பக்கம் மெதுவாக ஓடினாலே துடிப்பு 168 என்று காட்டும். பயந்து நடக்க ஆரம்பித்துவிடுவேன். அப்புறம்தான் தெரிந்தது, அது துடிப்பே இல்லை, நிமிடத்துக்கு நான் வைக்கும் காலடிகள். வாட்ச் பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்தம் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. ஓட்டத்தில் கை ஆடும் தாளத்தைச் சில நேரம் துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பெல்ட் இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. முதல் நாள் அதே ஓட்டத்துக்கு 141. சட்டென்று நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினேன். 136. நின்றதும் துடிப்பு இறங்கும்தானே, சரியாகத்தான் இருந்தது.

என் தகராறு எல்லாம் தண்ணீரோடு.

பெல்ட்டின் உள்பக்கக் கறுப்புப் பட்டையை நனைத்துத்தான் கட்ட வேண்டும். காய்ந்த தோலில் மின்சாரம் சரியாகக் கடக்காது. நனைக்காமல் கட்டினால் வியர்க்கும் வரை 58 என்பான், 205 என்பான். சரி, எந்தத் தண்ணீரில் நனைப்பது? தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் குடத்தில் மெட்ரோ வாட்டர், குழாயில் போர் தண்ணீர். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, அவ்வளவு உப்பு. அதைத்தான் தடவினேன். அடடா! கேட்டைத் தாண்டுவதற்குள் ரீடிங் நிலைத்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். இ.சி.ஜி.க்காக 1924-இல் நோபல் பரிசு வாங்கிய ஐந்தோவன், நோயாளியின் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைக்கச் சொல்லித்தான் பதிவெடுத்தார். எங்கள் போருக்கு இப்படி ஒரு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

எட்டாவது மாதம் ஆட்டம் தொடங்கியது. டீக்கடையில் சும்மா நிற்கிறேன், 210. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றினேன். தொளதொள பாலியஸ்டர் பனியன் உரசுவதாலோ என்று அதையும் மாற்றினேன். கடைசியில் பெல்ட்டில் இருந்து சென்சாரைக் கழற்றிப் பார்த்தால் அதை மாட்டும் பிரஸ் பட்டனில் பச்சை பூத்திருக்கிறது, பட்டை அப்பளம் மாதிரி விறைத்திருக்கிறது. வியர்வை உப்பு, தடவிய தண்ணீர் உப்பு, ஓடி வந்து அலசியதும் அதே உப்புத் தண்ணீரில். ஜன்னல் கம்பியே தாங்காத கடல்காற்று வேறு. போதாததற்கு, ஈர பெல்ட்டிலேயே சென்சாரை விட்டுக் கொடியில் போட்டிருக்கிறேன். ஈரம் பட்டால் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து அது விழித்தே இருக்கும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்த ரகசியம் அதுதான்.

வாங்கிய இடத்தில் கேட்டால், பெல்ட்டுக்கு வாரண்டி கிடையாதாம், தேய்கிற பொருளாம். அதை விற்கும்போது சொல்லியிருக்கலாம். எலுமிச்சம்பழமும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்ததில் இரண்டு வாரம் ஓடியது. பிறகு பெல்ட்டை மட்டும் தனியாக வாங்கினேன்.

இப்போது நனைக்கவும் அலசவும் மெட்ரோ வாட்டர்தான். "குடிக்கிற தண்ணியில பெல்ட்டு கழுவுறியேடா" என்று அம்மா தினமும் ஒரு டம்ளர் அளந்து கொடுக்கிறார். புது பெல்ட் பதினாலு மாதமாக ஒரு தப்பு எண் காட்டவில்லை. இருந்தும் மூன்று பேருக்கும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஓடுவதற்கு முன்னால் குடத்தைத் தேட வைக்கும் பொருளை எங்கள் தெருவில் யாருக்கு சிபாரிசு செய்வது? அதில் ஒருவன் நேற்றே ஆர்டர் போட்டுவிட்டானாம். அவன் வீட்டிலும் போர்தான்.