ஆட்டிசக் குழந்தைக்கு மூன்று மாத இலக்கு: பட்டியலைப் பார்த்து எழுதுவதா, வீட்டைப் பார்த்து எழுதுவதா?

நாலைந்து வயதுக் குழந்தைக்கு இலக்கு எழுத உட்கார்ந்தால் பெரும்பாலும் இரண்டு வழியில் ஒன்றைத்தான் பிடிப்பார்கள். அச்சடித்த மதிப்பீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு, குழந்தைக்கு வராத உருப்படிகளை வரிசையாக எடுப்பது ஒன்று. எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வீட்டில் எங்கெங்கே முட்டுகிறது என்று கேட்டு, அந்த இடத்தையே இலக்காக்குவது இன்னொன்று. நாங்கள் இரண்டாவது பக்கம். முதலாவதைக் கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை.

பட்டியலின் நன்மை தெரிந்ததுதான். எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) என்ற பட்டியலில் 18 பகுதி, பகுதிக்கு 20 என்று 360 உருப்படிகள். எஃப்.ஏ.சி.பி. (ஃபங்ஷனல் அசெஸ்மென்ட் செக்லிஸ்ட் ஃபார் புரோகிராமிங்) என்ற இன்னொரு பட்டியலில் ஒரு நிலையில் 80 சதவீதம் வந்தால் அடுத்த நிலை. சிறப்புப் பயிற்றுநர் மாறினாலும் கோப்பைத் திறந்தால் குழந்தை எங்கே நிற்கிறது என்று புரிந்துவிடும். ஆனால் இரண்டுமே அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளை முதன்மையாக மனதில் வைத்துச் செய்தவை. ஆட்டிசத்தில் திறன்கள் பெரும்பாலும் படிப்படியாக ஏறுவதில்லை. ஒரு பிள்ளை ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பான், தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்கத் தெரியாது. காலியாக இருக்கும் அடுத்த கட்டத்தை நிரப்பப் போனால் மணி கோர்ப்பதும் வண்ணம் பொருத்துவதும் முதல் இலக்காகி, வேண்டியதைக் கேட்டு வாங்குவது பின்னுக்குப் போய்விடும்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஐசா (ஆட்டிசத்தின் அளவை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) மதிப்பெண்ணைப் பார்த்து இலக்கு எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். 40 கேள்வி கொண்ட அந்த அளவுகோல் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கானது. 107 முதல் 153 வரை என்றால் மிதமான நிலை என்று சொல்லும், அவ்வளவுதான். நாளைக் காலையில் எதைக் கற்றுத்தருவது என்று அதில் இருக்காது.

எங்களைப் பொறுத்தவரை, எந்த வழி என்பதை முடிவு செய்வது ஒரே கேள்வி: பயிற்றுநர் வராத நாளில் யார் செய்வது, யார் குறிப்பது? தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு பஸ் பிடித்து வரும் தாயால் வாரத்துக்கு ஒரு நாள் வர முடிந்தாலே பெரிது. மீதி ஆறு நாள் வீட்டில்தான். 15 இலக்கு எழுதிய தாள் பீரோவுக்குள் போய்விடும். மூன்று இலக்கு என்றால் சுவரில் நிற்கும்.

உதாரணத்துக்குக் களி சாப்பிடுவதை எடுத்துக்கொள்வோம். ‘தன் தேவையைத் தெரிவிப்பான்’ என்று தாளில் எழுதுவது ஆசை, இலக்கு அல்ல. இப்படி எழுதலாம்: ‘மதியம் களி தின்னும்போது, தட்டு காலியானதும், களிப் படத்தை எடுத்து அம்மா கையில் தானாக வைப்பான்; நாளின் முதல் வாய்ப்பில், தொடர்ந்து 3 நாள்.’ முழு உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டால் கேட்கவே வேலை இல்லை. நெல்லிக்காய் அளவில் எட்டாகக் கிள்ளி, சூடு தணிந்தபின் ஒன்று ஒன்றாக வைத்தால் ஒரு சாப்பாட்டில் எட்டு வாய்ப்பு. அம்மா எதிரில். அப்பாவோ பாட்டியோ பின்னால் உட்கார்ந்து, ஐந்து எண்ணும்வரை பொறுத்து, பிறகும் எடுக்காவிட்டால், பேசாமல் குழந்தையின் கையைப் படத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ‘என்ன வேணும்?’ என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டுப் பழக்கினால் அந்தக் கேள்விக்காகவே காத்திருப்பான். களி பிடிக்காத பிள்ளையிடம் இது எடுபடாது. எது பிடிக்குமோ அதை வைத்துச் செய்யுங்கள்.

குறிப்பதற்குத் தனி நோட்டு வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும். அன்றைய முதல் முயற்சிக்கு மட்டும் ஓர் எழுத்து: தானாகச் செய்தால் ‘தா’, முழங்கையைத் தொட்டதும் செய்தால் ‘தொ’, கையைப் பிடித்துச் செய்யவைத்தால் ‘பி’. தொடர்ந்து மூன்று ‘தா’ வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். முடிந்ததை வாரம் ஒருமுறை சோதித்தால் போதும். பத்து நாளாக ‘பி’யே வந்தால் பிள்ளையைக் குறை சொல்லாமல் மூன்று விஷயத்தைப் பாருங்கள். பதினொரு மணிக்கு முறுக்கு கொடுத்திருப்பார்கள், பசி இருக்காது. படத்தில் களி ஒட்டிக் காகிதம் பிய்ந்திருக்கும், செல்லோ டேப் ஒட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் மூன்றாவதுதான்: பின்னால் இருப்பவர் ஐந்து எண்ணும்வரை பொறுக்காமல் கையைப் பிடித்துவிடுவார்.

கை கழுவுவதிலும் இதே வித்தியாசம்தான். மையத்தில் குழாயைத் திறந்து கழுவியதும் பட்டியலில் ‘வந்தது’ என்று குறித்தாகிவிடும். வீட்டில் தொட்டியும் சொம்பும். சொம்பைப் பிடித்த கை போக மிச்சம் ஒரே கைதான், அது வேறு வேலை. மொள்ளுவது, நனைப்பது, சோப்பு தொடுவது, தேய்ப்பது, ஊற்றுவது, துடைப்பது என்று ஆறு படியாகப் பிரித்து, ஐந்தைப் பெரியவர் செய்து கடைசிப் படியான துடைப்பதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்தபின் ஊற்றுவது. இப்படிப் பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்தது அவனாக இருப்பான்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் இன்னொன்று. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, அங்கன்வாடியில் தமிழ். பட்டியல் தமிழில் இருக்கிறது என்பதற்காகத் ‘தண்ணி’யை இலக்காக எழுதி, வீட்டில் தெலுங்கில் ‘நீள்ளு’ என்றால் அந்தச் சொல்லைப் பழக்க வீட்டில் ஆள் இருக்காது. முதல் பத்துச் சொல் வீட்டு மொழியிலேயே இருக்கட்டும். படம் எங்கும் ஒன்றே என்பதால் அங்கன்வாடியிலும் உதவும்.

வீட்டு முறையிலும் ஓட்டை இருக்கிறது. ஐந்து வயதிலும் அம்மாவே ஊட்டிவிட்டால், சாப்பாட்டில் பிரச்சினை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். காட்டுக் கொட்டாயில் தனி வீடு என்றால் மற்ற பிள்ளைகளோடு விளையாடுவது பேச்சிலேயே வராது. அதனால் பட்டியலை ஆண்டுக்கு இரண்டு முறை முழுதாகப் போட்டு, வீட்டார் சொல்லாமல் விட்டதைப் பிடிக்கிறோம். பள்ளியில் சேர்க்கும்போதும் அந்தத் தாள்தான் கேட்பார்கள்.

தன்னைத்தானே அடித்துக்கொள்ளும், அடிக்கடி வலிப்பு வரும் பிள்ளைகளிடம் இந்த முறையை நாங்கள் செய்தது குறைவு. அங்கே மருத்துவர் சொல்வதை முன்னால் வையுங்கள். பெற்றோர் இருவரும் பெங்களூருக்கு வேலைக்குப் போய், பிள்ளை தாத்தா பாட்டியிடம் இருந்தால் மூன்று இலக்கும் அதிகம். களி ஒன்று போதும். பாட்டிக்கு எழுத வராது என்றால் ‘தா’வுக்குப் பதிலாகக் காலண்டரில் மஞ்சள் பொட்டு வைக்கச் சொல்லுங்கள்.