வீம் அம்ப்போடு 8 அங்குல சப்வூபர்: யாழ்ப்பாணத்துச் சீமெந்து அறைக்குச் சரிவருமா?

வீம் அம்ப் (WiiM Amp) என்பது போன் ஆப்பால் இயக்குகிற ஒரு ஸ்ட்ரீமிங் அம்பிளிபயர். அதில் ஒரு சோடி சின்ன ஸ்பீக்கரைப் பூட்டி, போனில் இருந்து ஸ்பொட்டிஃபையை விட்டால் குரலும் வயலினும் வடிவாக வரும். தவில் மட்டும் அரைவாசிதான். வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் பொரிவது துல்லியமாகக் கேட்கும். தொப்பியில் கழி விழும்போது எழும்புகிற கனம் இருக்காது. தவில் மேதை தட்சணாமூர்த்தியின் ஊரில் இதைச் சின்னக் குறை என்று விடமுடியாது. 5 அங்குல ஸ்பீக்கர் 60 ஹேர்ட்ஸை நெருங்கும்போதே களைத்துவிடும். அதற்குக் கீழே வேலை செய்யத்தான் சப்வூபர்.

வீம் அம்ப் இதற்குத் தோதான பெட்டி. 8 ஓமுக்கு 60 வாற்ஸ், 4 ஓமுக்கு 120 வாற்ஸ் தரும். பின்பக்கம் சப்வூபருக்கென்று தனி ஆர்சிஏ துளை இருக்கிறது. ஸ்பீக்கருக்கும் வூபருக்கும் ஒலியை எந்த ஹேர்ட்ஸில் பிரிப்பது என்பதை ஆப்பிலேயே தீர்மானிக்கலாம். அதோடு சேர்த்துப் பார்த்தது யமஹா என்எஸ்-எஸ்டபிள்யூ050. 8 அங்குலக் கூம்பு, உள்ளேயே 50 வாற்ஸ் அம்பிளிபயர், கீழே 28 ஹேர்ட்ஸ் வரை என்பது கம்பனிக் கணக்கு. 10க்கு 12 அடி அறைக்கு இது தாராளம். அந்த அளவு அறைக்கு 12 அங்குலத்தைத் தள்ளிவிடப் பார்க்கும் கடைக்காரருக்குத் தலையாட்ட வேண்டாம்.

கனடாவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் வூபர் என்றால் முதலில் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 120 வோல்ற் என்று மட்டும் போட்டிருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் குத்தின அடுத்த கணமே புகைதான். பிளக்கை மாற்றும் அடப்டர் வோல்ற்றேஜை மாற்றாது. 200 விஏ அளவில் ஒரு ஸ்ரெப்டவுண் ட்ரான்ஸ்போமர் வேண்டும். லண்டனில் இருந்து வருவதற்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இணைப்பு ஒரே ஒரு ஆர்சிஏ வயர். ஷீல்ட் உள்ளதாக இருந்தால் 5, 6 மீற்றர் நீளமும் பரவாயில்லை. வயரை மிச்சம் பிடிக்க மலிவான புளூரூத் ட்ரான்ஸ்மிற்றர் போட்டால் தாளத்துக்குப் பின்னால் அடி வந்து விழும். வான் வாகனத்தில் இருந்து கழற்றின வூபர் பெட்டியை இந்தத் துளையில் கொழுவினால் சத்தமே வராது, ஏனென்றால் அங்கே வருவது வெறும் சிக்னல். அந்தப் பெட்டிக்குத் தனி அம்பிளிபயர் தேவை. ஸ்பீக்கர் முனைகளில் இருந்து எடுத்து வூபரின் ஹை-லெவல் இன்புட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். வீம் அம்ப்பின் கறுப்பு முனை எர்த் இல்லை, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு கறுப்பையும் ஒன்றாக முறுக்கினால் அம்பிளிபயர் போய்விடும்.

பலர் பிழைவிடும் இடம் செற்றிங். வூபரின் முதுகில் உள்ள கட்-ஓஃப் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிட்டு, பிரிப்பதை ஆப்பிடமே விடுங்கள். இரண்டு இடத்திலும் வெட்டினால் நடுவில் ஒரு பள்ளம் விழும். 5 அங்குல ஸ்பீக்கருக்கு 80 ஹேர்ட்ஸ், 4 அங்குலத்துக்கு 100. அதற்கு மேலே ஏற்றினால் ஆண்குரலின் அடி வூபர் நிற்கிற மூலையில் இருந்து வரத் தொடங்கும். அடுத்தது, பிரதான ஸ்பீக்கர்களுக்கும் பேஸ் போகட்டும் என்ற தெரிவை நிறுத்துங்கள். அதை நிறுத்தாவிட்டால் ஒரே அடியை இரண்டு பேர் அடிக்கிற மாதிரி 80ஐச் சுற்றி ஊதிப் பெருக்கும்.

இனி அறை. ஓட்டு வீட்டில் கூரை இடைவெளியாலும் யன்னலாலும் பேஸ் வெளியேறிவிடும், அதனால் கொஞ்சம் மெலிவாகக் கேட்டாலும் சுத்தமாக இருக்கும். பிளேட் போட்ட புது வீட்டில், ரைல்ஸ் நிலத்தில், அது போக வழியின்றிச் சுவருக்குச் சுவர் மோதும். எங்கள் வெக்கையில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகிறது. அதை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் பிரித்தால் அறை எந்த இடத்தில் குமுறும் என்று தெரியும். 12 அடிக்கு 48 ஹேர்ட்ஸ், 10 அடிக்கு 57. அகலமும் உயரமும் 10 அடி என்றால் 57இல் குமுறல் இரட்டிப்பாகும். திரைச்சீலையும் கம்பளமும் இதற்கு உதவாது. 50 ஹேர்ட்ஸ் அலை ஒன்று 7 மீற்றர் நீளம், மெல்லிய துணி அதைப் பிடிக்காது.

மருந்து இரண்டு. ஒன்று, இடம். நீங்கள் வழக்கமாக இருக்கிற கதிரையில் வூபரை ஏற்றி வைத்து, பேஸ் உள்ள ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாக நிலத்தில் குந்திக் குந்தி நகர்ந்து கேளுங்கள். ஒவ்வொரு சுரமும் ஒரே அளவில் கேட்கிற இடம்தான் வூபரின் இடம். மூலையில் சத்தம் அதிகம், தரம் குறைவு. மற்றது, ஆப்பில் உள்ள பரமெற்றிக் ஈக்யூ, அதாவது குறித்த ஹேர்ட்ஸை மட்டும் கூட்டிக் குறைக்கும் வசதி: 57இல் 5 டெசிபல் குறைத்து, வெட்டின் அகலத்தைத் தீர்மானிக்கும் கியூவை 4 அளவில் வையுங்கள். மேட்டை வெட்டலாம்; பள்ளத்தை நிரப்ப வெளிக்கிட்டால் வூபர்தான் மூச்சு வாங்கும்.

இடம் முடிவானதும் 80 ஹேர்ட்ஸ் ரோன் (tone, ஒரே சுருதியில் வரும் ஒலி) ஒன்றை ஓடவிட்டு, ஆப்பில் ஃபேஸ் (phase) தெரிவை 0இலும் 180இலும் மாற்றிப் பாருங்கள். கதிரையில் எது கூடக் கேட்கிறதோ அதுவே சரி. வூபர் மற்ற ஸ்பீக்கர்களை விட 1 மீற்றர் கிட்ட இருந்தால் அதற்கு 3 மில்லிசெக்கன் தாமதம் கொடுக்கலாம். அளவை ஏற்றும்போது, வூபரை நிறுத்தினால் மட்டும் அது இருந்தது தெரியவேண்டும், அவ்வளவுதான்.

பிறகு 30இல் இருந்து 120 ஹேர்ட்ஸ் வரை ரோனை மெல்ல ஏற்றுங்கள். அலுமாரிக் கதவு, யன்னல் கண்ணாடி, சுவரில் உள்ள சாமிப்படம் ஒவ்வொன்றாகக் கிறுகிறுக்கும். படத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சின்ன றப்பர் துண்டு ஒட்டினால் போதும். வூபர் கெட்டுவிட்டது என்று கடைக்குக் காவிக்கொண்டு போவதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

இடைவிடாத உறுமல் கேட்டால் ரிவியில் இருந்து அம்ப்புக்கு வருகிற எச்டிஎம்ஐ வயரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் கேபிள் ரிவி வயரால் வருகிற எர்த் சிக்கல். அந்த வயருக்கு ஐசோலேற்றர் போடலாம். மூன்று பின் பிளக் உள்ள வூபரில் எர்த் பின்னை மட்டும் வெட்டவே கூடாது.

குறை என்று சொன்னால், செற்றிங் எல்லாம் ஆப்பில்தான், அம்ப் பெட்டியில் ஒரு குமிழால் வூபரை மட்டும் தணிக்க வழியில்லை. இரவு பத்து மணிக்குப் பக்கத்து வளவுக்குப் போவது பேஸ் மட்டும்தான், அதைக் குறைக்க ஒவ்வொரு முறையும் போனைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் வூபரின் வொல்யூம் குமிழைத் தேடிப் போகவேண்டும். இன்னொன்று, வூபரின் காற்றுத் துளை திறந்தே இருப்பதால் பல்லியும் கரப்பானும் உள்ளே குடியேறும். பாவிக்காத நாட்களில் ஒரு துணியைச் சுருட்டி அதில் வையுங்கள், போடுவதற்கு முன் மறக்காமல் எடுங்கள்.