வேர்க்கடலை ஆகாத வீட்டில் தினசரி எள்: புழங்கிப் பார்த்ததில் தெரிந்தவை

பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. மாமியாருக்குப் பால், தயிர் ஒத்துக்கொள்ளாது. தண்டையார்பேட்டையில் எங்கள் அடுப்படிக்குள் எள் வந்தது இந்த இரண்டையும் சமாளிக்கத்தான். பையன் எல்கேஜி சேர்ந்த வருடம் ஆரம்பித்தது, இப்போது ஆறாவது படிக்கிறான். கடலை ஆகாத பிள்ளைகளில் சிலருக்கு எள்ளும் ஆகாது. டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் அவனுக்குக் கொடுத்தோம். நான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் நேராக ஊட்டிப் பார்க்க வேண்டாம்.

எள்ளால் எங்களுக்குத் தொல்லை இல்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கடலைதான் தலைவலி. பல செக்குக் கடைகளில் காலையில் கடலை ஆட்டிய அதே செக்கில்தான் மதியம் எள் ஆட்டுகிறார்கள். எள்ளோடு கருப்பட்டி போடுவதைப் பெருமையாகச் சொல்வார்கள். "இதுக்கு முன்னாடி என்ன ஆட்டினீங்கண்ணே?" என்றால் மட்டும் முகம் மாறும். "தொடச்சிட்டுத்தாம்மா போட்டோம்." மர உரலில் ஊறிய எண்ணெயும் பிண்ணாக்கும் ஒரு துணிக்குப் போய்விடுமா? ரீபைண்ட் செய்யாத எண்ணெயில் புரதம் கொஞ்சம் தங்கும், அலர்ஜியைக் கிளப்புவது அதுதான். அலைந்து திரிந்து, எள்ளுக்கென்றே தனிச் செக்கு வைத்திருப்பவரைப் பிடித்தோம். விலை கூடுதல்தான், இருக்கட்டும். எள்ளே ஆகாதவர்களுக்குச் செக்கு நல்லெண்ணெயும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் பாக்கெட் உணவில் எள் இருந்தால் அலர்ஜிப் பொருளாகக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நம் தெருக்கடை பாட்டிலில் இருக்கும் தட்டைக்கும் முறுக்குக்கும் லேபிளே கிடையாது. எள்ளுருண்டை வெளியில் வாங்குவதே இல்லை, பக்கத்துப் பாட்டிலில் கடலை உருண்டை இருக்கும், இரண்டுக்கும் ஒரே கை. ஜனவரியில் சவுகார்பேட்டை மின்ட் தெருவில் கஜக் என்ற வடநாட்டு வெல்ல மிட்டாயை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கே நாக்கு ஊறும். எள் கஜக்குக்குப் பக்கத்திலேயே கடலை கஜக். பேசாமல் நடந்துவிடுவோம்.

வீட்டில் செய்வதென்றால் கருப்பு எள்தான் சோதிக்கும். அலசி, மண் அடியில் தங்கும்படி அரித்து, துணியில் உலர்த்தி, வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது, காதை வைத்துத்தான் பார்க்கணும். படபடவென்று பொரியும் சத்தம் அடங்க ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள், விட்டால் கசந்துவிடும். மிக்ஸியை விட்டுவிட்டு ஓட்டணும், இல்லையென்றால் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். பொடியை ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது, நம் ஊர் புழுக்கத்தில் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும்.

மாமியார் இந்தப் பொடியைத் தொடமாட்டார். "திவசத்துக்கு எறைக்கிறத தட்டுல வைக்கிறியே!" வெள்ளை எள் என்றால் பேச்சில்லை. பச்சை மிளகாய், பூண்டு, புளியோடு அரைத்த வெள்ளை எள் சட்னிதான் வீட்டில் கடலைச் சட்னியின் இடத்தைப் பிடித்தது. மோர்க்குழம்பில் தயிருக்குப் பதில் வெள்ளை எள்ளையே தேங்காயோடு அரைத்துவிட்டேன். ருசி வேறு, ஆனால் சட்டி காலியாகிறது.

பாலுக்குப் பதில் எள் போதும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தோல் நீக்காத எள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 975 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, சரி. தட்டில் விழுவதோ ஒரு ஸ்பூன். தோலில் இருக்கும் ஆக்சலேட் அதிலும் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாது. தோல் நீக்கிய வெள்ளை எள்ளில் கால்சியமே குறைவு. மாமியாரின் கால்சியம் மாத்திரையை நிறுத்தவில்லை.

காசிமேட்டு சங்கரா மீனைக் குழம்பு வைக்க நல்லெண்ணெயை மிஞ்ச ஒன்றுமில்லை. நெத்திலி பொரிக்க மட்டும் சூரியகாந்தி எண்ணெய், அந்தச் சூட்டில் செக்கு எண்ணெய் புகைந்துவிடுகிறது.