சிறு வட்டவாளா, ஜிக்சோவா?

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைதான் என் பட்டறை. புத்தகத் தட்டு, கோழிக்கூட்டுக் கதவு, பிள்ளைகளுக்கு மரப் பொம்மை என்று ஞாயிறுதோறும் ஏதாவது செய்வேன். ஒரு கையால் பிடிக்கக்கூடிய இரண்டு மின்வாள்கள் என்னிடம் இருக்கின்றன: வட்டத் தகடு சுழன்று அறுக்கும் சிறு வட்டவாள், மெல்லிய அலகு மேலும் கீழும் ஓடி அறுக்கும் ஜிக்சோ. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு வட்டவாளையே சொல்வேன்.

காரணம் நேர்கோடு. ஒட்டுப்பலகையின் மேல் நேரான சட்டம் ஒன்றை இறுக்கிப் பிணைத்து, அதை ஒட்டி வாளை நகர்த்தினால் எட்டடி நீளமும் பிசகாமல் வரும். ஜிக்சோவின் அலகு மேல் முனையில் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கிறது. தடித்த பலகையில் அது வளைந்து, மேலே நேராகவும் அடியில் சாய்வாகவும் வெட்டிவிடும். அந்தச் சாய்வைச் சீவிச் சரிசெய்வதற்குள் மாலையாகிவிடும்.

ஆனால் சிறு வட்டவாளின் 85 மில்லிமீட்டர் அலகு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடவே இறங்கும். இரண்டு அங்குல வேப்பம் பலகைக்கு ஜிக்சோதான். பொம்மை யானையின் தும்பிக்கை போன்ற வளைவுகளுக்கும் அதுவே. வட்டவாளை அங்கே திருப்ப முயலவே கூடாது. அலகு மரத்தில் இறுகினால் வாள் கையை நோக்கி உதைக்கும். வெட்டுப்படும் துண்டு தானாகக் கீழே விழும்படி பலகையைத் தாங்குங்கள். அலகு மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். முதிரை மரம் அறுக்கும்போது தூளுக்கு முகக்கவசம் கட்டாயம்.

கடற்காற்றில் இரண்டின் அடித்தட்டும் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கிறேன்.