ரியல் அனலிசிஸா, நியூமெரிக்கல் மெதட்ஸா?

கணிதப் பட்டப்படிப்பின் ஐந்தாம் செமஸ்டரில் இரண்டில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். ரியல் அனலிசிஸ் என்றால் மெய்யெண்களைப் பற்றி நிரூபணம் எழுதுகிற பாடம், நியூமெரிக்கல் மெதட்ஸ் என்றால் விடையைத் தோராயமாக எண்ணில் கணக்கிடுகிற பாடம். நான் ரியல் அனலிசிஸ் எடுத்தேன். பெங்களூர் அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு நண்பன் நியூமெரிக்கல் மெதட்ஸ் எடுத்தான். இந்த வருடம் சித்தி மகன் அதே இடத்தில் வந்து நிற்கிறான். "எதுண்ணா எடுக்கட்டும்?" என்று கேட்டவனுக்குச் சொன்னதுதான் இது.

ரூட் 2-ஐ வைத்தே வித்தியாசத்தைச் சொல்லிவிடலாம். ஓர் ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போகும் நியூட்டன்-ராப்சன் முறையில் 1-ல் தொடங்கினால் 1.5, 1.4167 என்று நகர்ந்து, நான்காவது சுற்றில் கால்குலேட்டர் காட்டும் 1.41421356 வந்துவிடும். நியூமெரிக்கலில் அத்தோடு அடுத்த கணக்கு. அனலிசிஸிலோ, அப்படி ஓர் எண் இருக்கிறது என்று உனக்கு யார் சொன்னது என்பதுதான் முதல் வாரக் கேள்வி. பின்னமாக எழுத முடியாது என்று காட்டி, மெய்யெண்களில் உண்டு என்றும் நிரூபிக்க வேண்டும். எனக்கு அது முதலில் வேலையற்ற வேலையாகத்தான் பட்டது.

மதிப்பெண்தான் கவலை என்றால் யோசிக்கவே வேண்டாம், நியூமெரிக்கல். சிம்ப்சன் விதி, ரூங்கே-குட்டா மாதிரி கணக்கிடும் முறைகளை நாலு தடவை போட்டுப் பார்த்தால் கை பழகிவிடும். மேற்படிப்புக்கு ஐஐடி ஜாம் என்கிற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வின் கணிதத் தாள் எழுதுவதாக இருந்தால் அனலிசிஸ் இல்லாமல் முடியாது. அதற்கும் மேலே எழுதுகிற கேட், நெட் தேர்வுகளின் கணிதத் தாள்களில் இரண்டுமே வரும். வேலைக்கு எது உதவும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் இன்னும் எம்.எஸ்சி.யில்தான் இருக்கிறேன். நண்பனுக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை கிடைத்தது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அவன் தனியாகக் கற்ற பைத்தான் என்று அவனே சொல்கிறான்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் ஒரே விஷயத்தில் போய் நிற்கிறது: எழுதியதைத் திருத்த ஆள் இருக்கிறதா?

நியூமெரிக்கலில் தப்பு தானாக மாட்டிக்கொள்ளும். விடை புத்தகத்தின் கடைசியில் இருக்கும், இல்லாவிட்டால் கிடைத்த எண்ணைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்கலாம். நிரூபணம் அப்படியில்லை. தப்பான நிரூபணமும் எழுதியவன் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும்.

எங்களுக்கு வாரம் ஆறு கணக்கு, வியாழக்கிழமை கொடுக்க வேண்டும். மூன்றாவது வாரத்தில், எக்ஸ் ஸ்கொயர் மெய்யெண் கோடு முழுவதும் சீரான தொடர்ச்சி உள்ளதா என்று ஒரு கேள்வி. எக்ஸ் கொஞ்சம் நகர்ந்தால் விடையும் கொஞ்சமே நகரும் என்பது தொடர்ச்சி. எக்ஸ் எவ்வளவு நகரலாம் என்கிற அளவுதான் டெல்டா. கோடு முழுவதற்கும் ஒரே டெல்டா போதுமானால் அது சீரான தொடர்ச்சி. உண்டு என்று ஒன்றரைப் பக்கத்துக்கு நிரூபித்து, தர்ஷினி ஹோட்டலில் பை-டூ காபி சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்த தாளில் நான் எழுதிய டெல்டாவைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். பக்கத்தில் ஒரே வரி: "100, 100.01 போட்டுப் பார்."

போட்டேன். இரண்டுக்கும் இடைவெளி நூறில் ஒரு பங்கு, வர்க்கங்களுக்கு நடுவே 2.0001. 1000, 1000.001 என்று போனால் இடைவெளி இன்னும் சுருங்குகிறது, ஆனாலும் வித்தியாசம் 2-க்குக் கீழே இறங்கவில்லை. என் டெல்டா இடத்துக்கு இடம் மாறுகிற டெல்டா. திருத்தியவர் ஆராய்ச்சி மாணவி, சேலத்துக்காரர். வராந்தாவில் பிடித்துக் கேட்டேன். "ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி இருக்குன்னு காட்டியிருக்க. கேட்டது எல்லாப் பூட்டையும் திறக்கிற ஒரே சாவி" என்றார். கூடவே ஓர் ஆறுதலும் சொன்னார்: தொடர்ச்சியான சார்புகளை முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் ஒரு தொடர் ஒருங்கினால் (அதாவது ஒரு மதிப்பை நெருங்கினால்) அதன் கூடுதலும் தொடர்ச்சியானதே என்று கணித மேதை கோஷியே 1821-ல் எழுதினார், அது பொய்க்கும் இடத்தை 1826-ல் ஏபெல் என்ற இன்னொரு கணித மேதை காட்டினார். அங்கேயும் தவறிப்போனது இந்த 'சீரான' என்கிற சமாச்சாரம்தான்.

அந்தச் சிவப்பு வட்டம் இல்லையென்றால் அந்த ஒன்றரைப் பக்கத்தை இன்றைக்கும் சரி என்றே நினைத்துக்கொண்டிருப்பேன். பரீட்சைக்குத் தேற்றங்களை மனப்பாடம் செய்து பாஸும் ஆகியிருப்பேன். செமஸ்டர் முடியும்போதுதான் என் தப்பை நானே மோப்பம் பிடிக்கப் பழகினேன். 'ஒவ்வொன்றுக்கும்' என்று எங்கே பார்த்தாலும் பேனா தானாக நிற்கும். நான் இந்தப் பக்கம் சாய்வது அதனால்தான். வாரம் எட்டு, பத்து மணி நேரம் போனதற்கு எனக்கு வருத்தமில்லை.

அதனால் சித்தி மகனிடம் சிலபஸை அனுப்பச் சொல்லவில்லை. "உங்க சீனியர் யாராவது எழுதின அனலிசிஸ் அசைன்மென்ட் நோட்டை வாங்கி போட்டோ எடுத்து அனுப்புடா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு படம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு டிக், கீழே கையெழுத்து, தேதி. நாலாவது படத்தில் நான் செய்த அதே தப்பு இருந்தது. அதற்கும் டிக்.

நியூமெரிக்கலே எடு, அனலிசிஸை சனிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.