மன அதிர்ச்சிக்கு இழப்பீடு கோரி: காரைக்குடி வக்கீல் அலுவலகம் ஒன்றின் சேவை குறித்து

காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் பழைய வீடொன்றின் முகப்பில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் ஏழு மாதங்களாக நாங்கள் கட்சிக்காரர்களாக இருக்கிறோம். விபத்தில் உடம்பில் ஒரு கீறல்கூடப் படாமல், பார்த்த அதிர்ச்சியாலேயே நோயாளியாகிவிட்ட என் அம்மாவுக்காக அந்த அலுவலகம் என்ன செய்தது, எங்கே தவறியது என்பதை இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

குன்றக்குடி முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இளநீர் வாங்குவதற்காக அம்மாவின் தம்பியான என் அம்மான் இரு சக்கர வண்டியை ஓரமாக நிறுத்தினார். அம்மா இறங்கி நாலடி தள்ளி நின்றார். பின்னால் வந்த லாரி தம்பியை வண்டியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனதை அவர் நேருக்கு நேர் பார்த்தார். அம்மான் பிழைத்துவிட்டார், வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். அன்று அம்மாவையும் பரிசோதித்த தனியார் மருத்துவமனையில் இரத்த அழுத்தம் மட்டும் பார்த்து, 'காயம் ஏதும் இல்லை' என்று சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்கள். அந்த ஒற்றை வரி பிற்பாடு எங்களுக்கு எவ்வளவு தொல்லை தரப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த நாட்களில் அம்மா தூங்கவில்லை. தெருவில் ஹாரன் சத்தம் கேட்டால் முற்றத்து வளவிலிருந்து எழுந்து, பின்புறமுள்ள இரண்டாம் கட்டுக்குப் போய்விடுவார். பயந்த கோளாறு என்று விபூதி போட்டு மந்திரித்தோம். இரண்டு நாள் தெளிவாக இருந்தார், மறுபடியும் அதே நிலை. பத்து வாரம் கழித்து, அம்மானின் வழக்குக்காகத்தான் நாங்கள் அந்த அலுவலகத்திற்குப் போனோம். உடன் வந்திருந்த அம்மா திண்ணையிலேயே, சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதை வழக்கறிஞர் கவனித்திருக்கிறார். அம்மானின் காகிதங்களை மூடி வைத்துவிட்டு, "ஆச்சி, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டார். அதுவரை எந்த மருத்துவரும், உறவினரும், நாங்களும்கூடக் கேட்காத கேள்வி அது.

அம்மாவுக்குத் தனியாக ஒரு மனு போடலாம் என்று அவர் சொன்னபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அடிபடாதவருக்கு யார் இழப்பீடு தருவார்கள்? லாரியின் காப்பீட்டு நிறுவனமும் இதைத்தான் கேட்கும் என்று கூறி, ஒரு பக்கத்தில் தமிழில் தட்டச்சு செய்த குறிப்பு ஒன்றைக் கொடுத்தார். இந்த அலுவலகத்தின் சேவையிலேயே நான் மிக உயர்வாக மதிப்பது அந்தத் தாள்தான். ரயில்வே கேட் காப்பாளர் தவறான நேரத்தில் கதவைத் திறந்ததால் ரயிலில் அடிபடவிருந்து மயிரிழையில் தப்பி, அதிர்ச்சியில் நோயுற்ற ஆஸ்திரேலியப் பெண்ணுக்கு, உடம்பில் எதுவும் மோதவில்லை என்பதால் இழப்பீடு இல்லை என்று, பிரிட்டிஷ் காலனிகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1888 இல் தீர்ப்பளித்தது. மதுக்கடைக்குள் குதிரை வண்டி புகுந்த அதிர்ச்சியில் குறைப்பிரசவமான பெண்ணின் வழக்கில் 1901 இல் இங்கிலாந்து நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்க மறுத்து, தன் உயிருக்கு அஞ்சியவர் மோதல் இல்லாவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம் என்றது. 1925 ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் ஒரு படி போய், பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்றோ என்று அஞ்சி நோயுற்ற தாயையும் சேர்த்துக்கொண்டது. ஒருவர் இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்பது பற்றிய தீங்கியல் சட்டத்தின் இந்தப் பகுதியை நம் நாட்டில் தனிச் சட்டமாக இயற்றவில்லை என்பதையும், இங்கிலாந்துத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் அவற்றை எடுத்துக்காட்டி வாதாடலாம் என்பதையும் அதே தாளில் மறைக்காமல் எழுதியிருந்தார்.

பாதகமானவற்றையும் முன்கூட்டியே சொன்னார். மோட்டார் வாகனச் சட்டம் 'உடற்காயம்' என்ற சொல்லைப் பயன்படுத்துவதால், மனநோய் அதில் அடங்காது என்று எதிர்த்தரப்பு வாதிடும். வெறும் பயமும் துக்கமும் போதாது. மருத்துவர் பெயர் சொல்லிக் கண்டறிந்த நோயாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்கில் 1989 இல் நடந்த நெரிசல் சாவுகளைத் தொடர்ந்து, உறவினருக்கு நேர்ந்ததால் அதிர்ச்சியுற்றவர்கள் போட்ட வழக்கில், பெற்றோர், பிள்ளை, கணவன், மனைவி ஆகியோரின் பாசத்தை நீதிமன்றம் தானே ஊகித்துக்கொள்ளும், உடன்பிறந்தவர்கள் அதை நிரூபிக்க வேண்டும் என்று, அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1991 இல் கூறியது. அக்காள் தம்பி பாசத்திற்குச் சாட்சி கேட்பது நம் ஊரில் யாருக்கும் விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனாலும் அவர் அலட்சியமாக இருக்கவில்லை. தாயில்லாத தம்பியைப் பதினோரு வயதிலிருந்து வளர்த்தவர் அம்மா என்பதைக் காட்ட, அம்மானின் பள்ளிச் சான்றிதழில் பாதுகாவலர் பெயர் இருந்த பக்கத்தையும் பழைய குடும்ப அட்டையையும் தேடி எடுக்கச் சொன்னார். இரும்புப் பெட்டியிலிருந்து அவற்றை எடுத்த அன்று அம்மா வெகுநேரம் அழுதார்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எங்களை அனுப்பியதும் இந்த அலுவலகம்தான். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று அங்கே கண்டறிந்து மருந்து தொடங்கினார்கள். அறிகுறிகள் ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால்தான் இந்த நோயென்று முடிவு செய்ய முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமோ, 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதத்திற்குள் மனு போட வேண்டும் என்கிறது. இன்னும் சற்று அசட்டையாக இருந்திருந்தால் காலம் கடந்திருக்கும். தினமும் எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்தச் சத்தத்திற்குத் திடுக்கிட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார் வழக்கறிஞர். சாட்சியத்திற்காகத் தொடங்கிய அந்த நோட்டு மருந்தளவை மாற்ற மருத்துவருக்கும் பயன்பட்டது.

கட்டணத்தில் குறையில்லை. வக்காலத்தில் கையெழுத்திட்ட அன்று 5,000 ரூபாய். மற்றவை செலவுக்கு ஏற்ப. தீர்ப்புத் தொகையில் சதவீதம் பேசுவது வழக்கறிஞர் விதிகளுக்கு முரணானது என்று அவரே சொன்னார். அம்மான் படுத்திருந்த வார்டுக்கே வந்து முப்பது சதவீதம் பேசிய இடைத்தரகரைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாக இருந்தது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. முதல் மாதத்தில் அம்மா அந்தச் சம்பவத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது: வழக்கறிஞரிடம் ஒரு முறை, ஜூனியரிடம் ஒரு முறை, குமாஸ்தாவிடம் ஒரு முறை. மூன்றாவது முறை முகப்பில் மற்றக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டார்கள். பாதியில் அம்மாவின் கை நடுங்கத் தொடங்கியது. அன்றிரவு முழுவதும் விளக்கை அணைக்க விடவில்லை. அதிர்ச்சியை வழக்காக நடத்தும் ஓர் அலுவலகம், அதைத் திரும்பச் சொல்வதே மீண்டும் ஓர் அதிர்ச்சி என்பதை அறிந்திருக்க வேண்டும். நான் கோபமாகவே சொன்னேன். அதன்பின் உள்ளறையில், முதலில் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக்காட்டி, விட்டுப்போனதை மட்டும் கேட்டார்கள். பிரமாண வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தயாரித்து, நாங்கள் கேட்ட பிறகே தமிழில் விளக்கியதும் சரியில்லை. கையெழுத்துப் போடுபவருக்குத் தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது கேட்காமலே தெரிய வேண்டும்.

பணம் கட்ட இயலாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். 1987 ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. எங்களுக்கு அது பின்னால்தான் தெரிந்தது.

அடுத்த வாய்தாவில் மனநல மருத்துவரின் சாட்சியம். இந்த அலுவலகம் போன்ற ஒன்றுக்குப் போகிறவர்கள் முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், முதல் நாள் மருத்துவச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். பகலில் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருப்பார். மாலை ஐந்தரைக்கு மேல் போனால் பார்க்கலாம். அதிர்ச்சியுற்றவரை அழைத்துச் செல்வதாக இருந்தால், உள்ளறையில்தான் பேசுவோம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.